வன்னியில் வீட்டு வளவுக்குள் உருளைக்கிழங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசுவமடுவில் எங்கள் வளவுக்குள் ஆறு மாரிகளாக உரப்பைகளிலும் ஒரு சின்ன மேட்டுப் பாத்தியிலும் உருளைக்கிழங்கு நட்டு வருகிறேன். முதல் மாரியில் எட்டுப் பை வைத்தேன், ஐந்து அழுகிப் போயின. மிஞ்சிய மூன்றில் கிடைத்ததைக் கழுவி, தோலோடு அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த நாளில் இருந்து விட மனம் வரவில்லை. சந்தையிலும் கோயிலடியிலும் கேட்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இவை.

இந்த வெக்கையில உருளைக்கிழங்கு விளையுமா? உண்மையைச் சொல்லுங்கோ அக்கா.

விளையும். ஆனால் வருடத்தில் ஒரே ஒரு தரம், அதுவும் குறுகிய ஒரு காலத்துக்குள் மட்டும். இதை முதலில் விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாம் இலேசு.

உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் அந்தீசு மலையில் பிறந்த பயிர். அது கிழங்கு வைக்க வெயிலை விட இரவுக் குளிர்தான் முக்கியம். பகலில் இலை தயாரிக்கும் மாப்பொருள் இரவில் கீழே இறங்கித்தான் கிழங்காகிறது. இரவு வெக்கையாக இருந்தால் செடி அந்த உணவைச் சுவாசித்தே செலவழித்துவிடும். மேலே பச்சைப் பசேல் என்று கொடி போல் வளரும், கீழே தோண்டினால் வேர்தான் இருக்கும். மண் 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரை இருந்தால் அதற்கு நல்ல வசதி. 25-ஐத் தாண்டத் தாண்டக் கிழங்கு குறையும், 30-இல் ஏறக்குறைய நின்றுவிடும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது, அங்கே மலைதான் அந்தக் குளிரைக் கொடுக்கிறது. எங்களுக்கு மலை இல்லை. மார்கழி, தை, மாசி முற்பகுதி என்று பனி விழுகிற சில வாரங்கள்தான் எங்கள் மலை. தை மாதத்துத் தெளிந்த இரவுகளில் இங்கேயும் 20 பாகையைச் சுற்றி இறங்கும். பகலும் 12 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருக்கும் காலம் அது. பகல் குறுகினால் கிழங்கு வைப்பதற்கு உதவி.

யாழ்ப்பாணத்து விவசாயிகள் பல பத்தாண்டுகளாகச் செய்வதும் இதைத்தான். மாரிமழை கழிகிற நேரம் பார்த்துச் செம்மண்ணில் நட்டு, மாசி பங்குனியில் கிண்டுகிறார்கள். அங்கே முடிவது இங்கேயும் முடியும். பைகளிலும் வாளிகளிலும் வளர்க்கும்போது மண்ணின் சூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்ப எப்ப நடவேணும்?

கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு தொடங்கலாம். மார்கழியின் முதல் வாரம் தாண்டாமல் முடித்துவிடுவது நல்லது. ஆங்கிலக் கணக்கில் நவம்பர் கடைசியில் இருந்து டிசம்பர் 20 வரை.

கணக்கு இப்படி: முளைவிட்ட விதைக்கிழங்கு நட்டு இரண்டு வாரத்துக்குள் தளிர் வெளியே வரும். 35 நாள் அளவில் வேரடியில் கிழங்கு முடிச்சுப் போடத் தொடங்கும். அந்த நாட்கள் தைப்பொங்கலைச் சுற்றி விழ வேண்டும். பிறகு 40 நாள் அளவு கிழங்கு பருக்கிற காலம். அது தைப்பனிக்குள் போனால் சிவராத்திரியை ஒட்டிக் கிண்டலாம். ஆங்கிலப் புதுவருடம் பிறந்த பிறகு நட்டால் பருக்க வேண்டிய நாட்கள் பங்குனி வெயிலுக்குள் அகப்படும். நான் ஒரு வருடம் விதை பிந்திக் கிடைத்து தை 5-ஆம் திகதி நட்டேன். செடி ஆள் முழங்கால் உயரம் வந்தது, கிழங்கு கோலிக்குண்டு அளவு.

சித்திரை, வைகாசியில் நடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். விதையும் தண்ணீரும் வீண்.

நவம்பர், டிசம்பர் எண்டால் இங்க பெருமழை. அழுகாதோ?

அழுகும். என் முதல் ஐந்து பைகளும் அப்படித்தான் போயின. குளிரும் மழையும் ஒன்றாக வருவதுதான் வன்னியின் இக்கட்டு. 2018 டிசம்பர் கடைசியில் இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அப்படி ஒரு மழையில் நிலத்தில் நட்ட கிழங்கு இரண்டு நாள் நீரில் நின்றாலே போதும், மூச்சு முட்டிச் செத்துவிடும்.

பையில் நடுவதன் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. நட்டு முளை வரும் வரைக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாளும் பைகளைத் தாழ்வாரத்துக்குள்ளோ மாட்டுக்கொட்டில் ஓரத்திலோ வைத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டத்தில் வெயில் தேவையில்லை, கொஞ்சம் ஈரமும் காற்றும் போதும். தளிர் வந்த பிறகு முற்றத்துக்கு எடுங்கள். புயல் அறிவித்தல் வந்தால் திரும்ப உள்ளே இழுத்துவிடுங்கள். பையைக் கல்லின் மேல் வைத்தால் அடித்துளைகள் அடைபடாது.

நிலத்தில் நடுவதென்றால் ஒரு அடிக்குக் குறையாமல் உயர்த்திய மேட்டுப் பாத்தி, இரு பக்கமும் தண்ணீர் வடிய வாய்க்கால். வரிசைக்கு வரிசை இரண்டு அடி, செடிக்குச் செடி முக்கால் அடி. வயல் களிமண் நிலமாக இருந்தால் நிலத்தில் நடும் எண்ணத்தையே விட்டு, பைக்குப் போங்கள்.

விதைக்கிழங்கை எங்க வாங்குறது? கடையில வாங்கின கிழங்கு முளைச்சால் அதை நடலாமோ?

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கடைக்கு வரும் இறக்குமதிக் கிழங்குகளில் முளைக்காமல் இருக்க மருந்து போட்டவையும் இருக்கும். குளோர்புரோபாம் என்பது அப்படி ஒரு மருந்து. அத்தகைய கிழங்கு மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் கண் திறக்காது, திறந்தாலும் குருடு போல் ஒரு சின்ன மொட்டு வந்து கருகும். மண்ணோடு ஒட்டி வரும் மலைநாட்டுக் கிழங்கு பெரும்பாலும் நன்றாக முளைக்கும். வெலிமடை, நுவரெலியாப் பக்கத்துக் கிழங்கு என்று கடைக்காரர் பிரித்தே வைத்திருப்பார், விலையும் கூட.

ஆனால் முளைப்பது மட்டும் போதாது. சாப்பாட்டுக்கு வரும் கிழங்கை நோய் இல்லை என்று யாரும் சோதித்து அனுப்புவதில்லை. வைரசு, பக்ரீரியா வாடல், மலைநாட்டு மண்ணில் இருக்கும் நூற்புழு எல்லாம் அந்தத் தோலோடும் மண்ணோடும் எங்கள் வளவுக்குள் வந்துவிடும். வாடல் பக்ரீரியா ஒருமுறை மண்ணில் ஏறினால் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் வருடக்கணக்கில் தாக்கும். மிளகாய்த் தோட்டத்தை நம்பிச் சீவிக்கும் வீட்டில் அந்த ஆபத்தை எடுக்கவே கூடாது.

ஆகையால் உறுதிப்படுத்திய விதைக்கிழங்குதான் சரி. விவசாயத் திணைக்களத்துக்கு மலைநாட்டில் விதைக்கிழங்குப் பண்ணைகள் இருக்கின்றன. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ புரட்டாதி மாதமே சொல்லி வையுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மூடையாகக் கேட்டால் அலுவல் இலகு. ஒரு வீட்டுக்கு இரண்டு கிலோ என்று யாரும் அனுப்பமாட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படித்தான் ஏழு வீடு சேர்ந்து பிரிக்கிறோம்.

விதை கிடைக்காமல் கடைக்கிழங்கைத்தான் நடப்போகிறீர்கள் என்றால், பையில் மட்டும் நடுங்கள். அந்த மண்ணைக் கடைசி வரை மரக்கறிப் பாத்தியில் கொட்டாதீர்கள். வாழையடியிலோ தென்னையடியிலோ போடலாம்.

எந்த இனம் நல்லது?

கிரனோலா என்ற மஞ்சள் சதைக் கிழங்கு இலங்கையில் பரவலாகப் பயிராவது, மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் குறுகிய பனிக்காலத்துக்குக் குறைந்த வயது இனம் எதுவாக இருந்தாலும் சரி. நான்கு மாதம் எடுக்கும் இனத்தை வாங்காதீர்கள், எவ்வளவு பெருங்கிழங்கு வைக்கும் என்று சொன்னாலும்.

விதைக்கிழங்கு வந்திட்டுது, முளை இல்ல. மண்ணுக்குள்ள வைச்சால் முளைக்கும்தானே?

பொறுங்கள். கிழங்குக்கு உறக்கக் காலம் உண்டு, கிண்டி இரண்டு மூன்று மாதம் வரை எது செய்தாலும் கண் திறக்காது. உறங்கும் கிழங்கை மாரி மண்ணுக்குள் புதைத்தால் அது எழும்புவதற்குள் அழுகிவிடும்.

முட்டைத் தட்டில் கண்கள் அதிகம் உள்ள பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்குங்கள். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வையுங்கள். யன்னலோரம் அல்லது விறாந்தை. இருட்டு அறையில் வைத்தால் முளை வெள்ளையாக, நூல் போல் நீண்டு, தொட்ட உடனே முறியும். வெளிச்சத்தில் வரும் முளை தடித்து, குட்டையாக, பச்சை அல்லது ஊதா நிறத்தில் இருக்கும். ஒரு விரற்கடை அளவு வந்ததும் நடலாம். கிழங்கின் தோலும் பச்சையாகும், விதைக்கு அது நல்லது, ஆனால் அதைக் கறிக்கு எடுக்கக் கூடாது. எலி வராத இடமாகப் பாருங்கள்.

பெரிய கிழங்கை வெட்டி நடலாமா?

குளிர் நாட்டில் வெட்டுவார்கள். எங்கள் ஈர வெக்கையில் வெட்டுக்காயம் ஆறுவதற்குள் அழுகல் ஏறிவிடும். கோழிமுட்டை அளவுள்ள முழுக்கிழங்கையே நடுங்கள். வேறு வழியில்லை என்றால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் இரண்டு மூன்று நாள் வைத்துக் காயம் தோல் கட்டிய பிறகு நடுங்கள். ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைக் கொதிநீரில் முக்கி எடுங்கள். நோய் பரவுவது கத்தியால்தான்.

எதில நடுறது? உரப்பை, வாளி, பழைய ரயர்?

வெள்ளை உரப்பைதான் என் தெரிவு. 50 கிலோ யூரியாப் பையை இடுப்பளவுக்கு வெளிப்பக்கமாக மடித்து, அடியிலும் கீழ்ப் பக்கங்களிலும் பத்துப் பன்னிரண்டு துளை போட்டால் இரண்டு செடி நடலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், நெய்த பை காற்றும் விடும். உப்பு மிச்சம் போக மூன்று தரம் கழுவுங்கள். பூச்சிமருந்து, களைநாசினி வைத்திருந்த பையோ கொள்கலனோ ஒருபோதும் வேண்டாம். இந்தப் பைகள் ஒரு கோடை வெயிலில் நொறுங்கி மண்ணோடு பிளாஸ்ரிக்காகக் கலக்கும். எனவே பயிர் முடிந்ததும் கையோடு மடித்து உள்ளே எடுத்து வையுங்கள்.

வாளி என்றால் ஒரு செடிக்கு 10 லீற்றராவது கொள்ள வேண்டும், 15 என்றால் இன்னும் நல்லது. கறுப்பு வாளியும் கறுப்புப் பொலித்தீன் பையும் மத்தியானத்தில் அடுப்பு மாதிரிச் சுடும். கை வைத்துப் பாருங்கள், உங்கள் கைக்குச் சுட்டால் வேருக்கும் சுடும். கறுப்புத்தான் இருக்கிறது என்றால் வெளிப்பக்கம் கிடுகோ சாக்கோ சுற்றிக் கட்டுங்கள். ரயர் வேண்டாம், சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். சீமெந்து முற்றத்தில் நேரே வைக்காமல் புற்றரையிலோ மண் தரையிலோ வையுங்கள். காலை வெயில் முழுக்கப் பட்டு, பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு மாமரத்தின் அல்லது வேலியின் நிழல் விழுகிற இடம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

மண் கலவை?

மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் அல்லது கரியாக்கிய உமி ஒரு பங்கு. தும்புத்தூளை இரண்டு தரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்குங்கள். வன்னியின் செங்கபில மண் தனியே போட்டால் காய்ந்ததும் கல்லாக இறுகும், கிழங்கு கோணி வளரும். கரையோர மணல் தனியே போட்டால் காலையில் விட்ட தண்ணீர் மத்தியானம் இருக்காது. இரண்டுக்கும் மருந்து எருதான்.

எரு பச்சையாக இருக்கக் கூடாது. கையில் எடுத்தால் மணம் இல்லாமல், மண்போல் உதிர வேண்டும். பச்சைச் சாணம் சூடு கிளப்பும், கிழங்குத் தோலில் சொறியும் வரும்.

மண் எடுக்கும் இடம் முக்கியம். கத்தரி, தக்காளி, மிளகாய், புகையிலை நின்ற மண் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். வசதி இருந்தால் ஆவணி, புரட்டாதி வெயிலில் மண்ணை ஈரமாக்கிப் பரப்பி, தெளிந்த பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி ஐந்தாறு வாரம் விடுங்கள். அந்தச் சூட்டில் களை விதையும் நூற்புழுவும் நோய்க்கிருமியில் பெரும் பகுதியும் சாகும். கோடை வெயில் எங்களுக்குச் செய்யும் உபகாரம் இது.

சாம்பல் போட்டால் கிழங்கு பெருக்கும் எண்டு அம்மம்மா சொல்லுவா. உண்மையோ?

பாதி உண்மை. சாம்பலில் பொட்டாசியம் உண்டு, கிழங்குக்கு அது வேண்டும். ஆனால் சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், காரம் கூடிய மண்ணில் சொறி நோய் பலமாக வரும். எங்கள் கிணறுகள் பலவற்றில் ஏற்கனவே சுண்ணாம்புத் தண்ணீர்தான், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே பைக்கு ஒரு சிறங்கை சாம்பலோடு நிறுத்துங்கள். சொறி பிடித்த கிழங்கைத் தோல் சீவிச் சாப்பிடலாம், உடம்புக்குக் கெடுதி இல்லை.

நட்டு, மண் அணைக்கிறது எப்படி? பையை உயர்த்திக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வரும் எண்டு காணொளியில பார்த்தேன்.

பையில் ஒரு சாண் உயரத்துக்குக் கலவை போட்டு, முளை மேலே பார்க்க இரண்டு கிழங்கை இடைவிட்டு வைத்து, நான்கு விரல் உயரத்துக்கு மூடுங்கள். செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனி இலைகள் மட்டும் தெரியும்படி மீண்டும் கலவையை அணையுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம். அதற்கு மேல் வேண்டாம்.

அந்தக் காணொளிகளைப் பார்த்து நானும் ஒரு பையை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பார்த்தேன். கிழங்கு முழுக்க அடியில் ஒரே தட்டில்தான் இருந்தது, மேலே போட்ட மண்ணுக்குள் ஒன்றும் இல்லை. காரணம் இலகு. விதைக்கிழங்குக்குச் சற்று மேலே உள்ள கணுக்களில் இருந்துதான் கிழங்கு வைக்கும் தண்டுகள் பக்கவாட்டில் ஓடும். குறைந்த வயது இனங்களில் அது ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு மண் போட்டாலும் புதுத் தட்டு வராது. மண் அணைப்பது கிழங்கில் வெளிச்சம் படாமல் இருக்கவும் அது குளிர்ச்சியாக இருக்கவும்தான். கடைசி அணைப்புக்கு மேல் வைக்கோலோ காய்ந்த சருகோ மூன்று விரல் தடிப்பில் பரப்புங்கள். எங்கள் ஊரில் இந்த மூடாக்குத்தான் கிழங்கின் அளவைத் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்.

தண்ணீர் எவ்வளவு விடுறது?

விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் விடாதீர்கள். மார்கழியில் மழையே போதும், பல நாள் ஒன்றும் விடத் தேவையில்லை. தை பிறந்து மழை ஓய்ந்ததும் பைகள் வேகமாகக் காயும். அதுவே கிழங்கு பருக்கும் காலம். அப்போது ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், கொம்பு கொம்பாக முளைத்துக் கோணலாகும், உள்ளே பொந்து விழும். ஒவ்வொரு நாளும் விடியற்காலையில், இலை நனையாமல் அடியில், அளவாக விடுவதுதான் முறை. அந்த நேரத்து நீர் மண்ணையும் குளிர வைக்கும்.

உவர் தண்ணீரை உருளைக்கிழங்கு தாங்காது. பூநகரிப் பக்கமும் முல்லைத்தீவுக் கரையிலும் கிணற்றுத் தண்ணீர் வாயில் கரித்தால் அதை விடாதீர்கள். கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வையுங்கள். நான்கைந்து பைகளுக்கு மாசி வரை அது பெரிய கைகொடுப்பு.

பசளை?

எரு நன்றாகப் போட்டிருந்தால் அதிகம் தேவையில்லை. மூன்றாம் வாரம், மண் அணைக்கும்போது, செடிக்கு ஒரு தேக்கரண்டி மட்டமாக யூரியாவைத் தண்ணீரில் கரைத்து விடலாம். இயற்கையாகச் செய்ய விரும்பினால் புளித்த சாணக் கரைசலை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் சேர்த்து வாரம் ஒரு தரம். 45 நாளுக்குப் பிறகு யூரியாவைத் தொடாதீர்கள். இலை கரும்பச்சையாகச் செழித்தால் மனம் மகிழும், ஆனால் செடி இலையிலேயே நின்று கிழங்கை மறந்துவிடும்.

பச்சையாக நிண்ட செடி ஒரு மத்தியானத்தில வாடி விழுந்திட்டுது. தண்ணி விட்டும் எழும்பேல்ல.

இது வாடல் நோயாக இருக்கலாம். தண்டை அடியில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீருக்குள் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயில் இருந்து பால்போல் வெள்ளை இழை இறங்கினால் அது பக்ரீரியா வாடல்தான். அதற்கு மருந்து இல்லை. செடியையும் கிழங்கையும் எரித்துவிடுங்கள். மண்ணை மரக்கறிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். கையையும் மண்வெட்டியையும் கழுவுங்கள். பையில் நட்டிருந்தால் நோய் அந்தப் பையோடு நிற்கும், நிலத்தில் என்றால் வாய்க்கால் வழியே அடுத்த பாத்திக்கும் போகும்.

இழை வராவிட்டால் அடியைக் கிண்டிப் பாருங்கள். கறையானோ தண்டு வெட்டும் புழுவோ வேரைத் தின்றிருக்கும், அல்லது தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கும்.

இலையில புள்ளி, சுருள், பூச்சி?

கீழ் இலைகளில் வளையம் வளையமாகக் கபிலப் புள்ளி வந்தால் அது முன்பருவக் கருகல். அந்த இலைகளைக் கிள்ளி எரியுங்கள், செடிகளுக்கு இடையே காற்றோட விடுங்கள். பனியும் மந்தாரமும் நாலைந்து நாள் தொடர்ந்தால், இலை ஓரம் வெந்தது போல் கறுத்து, அடியில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் அது பின்பருவக் கருகல், வேகமாகப் பரவும். அந்தச் செடியை உடனே அகற்றி, இலையோடு போதனாசிரியரிடம் காட்டுங்கள். இலை அடியில் அழுக்கணவனும் வெண் ஈயும் சேர்ந்தால் வேப்பங்கொட்டைச் சாற்றைச் சவர்க்காரத் தண்ணீரோடு பின்னேரத்தில் தெளியுங்கள். இலை சுருண்டு, மஞ்சள் திட்டாகி, குட்டையாக நிற்கும் செடி வைரசுச் செடி. அதைப் பிடுங்கினால் மற்றவை தப்பும்.

கறையான், முள்ளம்பன்றி, கட்டாக்காலி மாடு?

கறையானுக்குப் பைகளைச் செங்கல்லின் மேல் வையுங்கள், கலவைக்குள் உக்காத தடியோ மட்டையோ இருக்கக் கூடாது, ஒரு பைக்கு இரண்டு பிடி வேப்பம் புண்ணாக்குக் கலவுங்கள். மாரியில் பெரிய ஆபிரிக்க நத்தைகள் இரவில் வந்து தளிரை அடியோடு மேயும். ரோச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுவதை விட இலகுவான வழி எனக்குத் தெரியாது. அந்த உப்புத் தண்ணீரைச் செடிப் பக்கம் ஊற்றாதீர்கள்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற காட்டோரக் கிராமங்களில் பன்றியும் முள்ளம்பன்றியும் ஓர் இரவில் பாத்தியை உழுதுவிடும். அங்கே வீட்டுச் சுவரோரம், ஆள் படுக்கும் பக்கத்தில் பைகளை வைப்பதுதான் பாதுகாப்பு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இன்னொரு காரணத்துக்காக வேலி போடுங்கள்: உருளைக்கிழங்கின் இலையும் தண்டும் காயும் நஞ்சு. கிண்டிய பிறகு கொடியை ஆட்டுக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போடாதீர்கள்.

பூக்கவே இல்ல. கிழங்கு இருக்குமோ?

இருக்கும். பகல் குறுகிய காலத்தில் பல இனங்கள் பூப்பதில்லை. பூவுக்கும் கிழங்குக்கும் முடிச்சுப் போட வேண்டாம். சில செடியில் சின்னத் தக்காளி போல் பச்சைக் காய் வந்தால் பிள்ளைகள் கை படாமல் பறித்துப் புதையுங்கள், அதுவும் நஞ்சு.

எப்ப கிண்டுறது?

75 நாளுக்குப் பிறகு இலை மஞ்சளாகத் தொடங்கும். அப்போது தண்ணீரைக் குறையுங்கள். தண்டை நிலமட்டத்தில் வெட்டிவிட்டுப் பத்து நாள் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விடுங்கள், தோல் இறுகும். ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் உரிந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். மாசிக் கடைசியில் வெயில் ஏறினாலும், எதிர்பாராத மழை வந்தாலும் காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள், சுடு மண்ணில் கிடந்தால் உள்ளே கறுக்கும்.

பையைச் சாக்கின் மேல் சரித்துக் கொட்டினால் போதும், மண்வெட்டிக் காயம் இல்லை. எங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் பிள்ளைகள்தான் முன்னுக்கு நிற்பார்கள். தோல் இறுகும் வரை வைத்திருக்காமல் அன்றன்றைக்கே கறிக்கு வேண்டும் என்றால் 65 நாளில் பையின் ஓரத்தைக் கிளறி இரண்டு மூன்று இளங்கிழங்கை எடுக்கலாம். தோல் விரலால் தேய்த்தாலே போய்விடும். தேங்காய்ப்பாலில் பெருஞ்சீரகம் போட்டு வெள்ளைக்கறியாக வைத்தால், கடைக்கிழங்கில் வராத ஒரு இனிப்பு அதில் இருக்கும்.

ஒரு பையில எவ்வளவு வரும்?

நல்ல வருடத்தில், நல்ல விதையோடு, இரண்டு செடிப் பையில் எனக்கு ஒரு கிலோவைச் சுற்றிக் கிடைத்திருக்கிறது. வெக்கையான வருடத்தில் அதில் பாதி. மலைநாட்டு விளைச்சலை எதிர்பார்த்து நடாதீர்கள். பத்துப் பை வைத்த வீட்டுக்கு மாசியிலும் பங்குனியிலும் கிழங்கு வாங்கத் தேவை வராது, அதுதான் கணக்கு. விற்பனைக்கு என்று யோசிப்பவர்கள் பைகளை விட்டு, தண்ணீரும் நிலமும் விதைச் செலவும் பார்த்து வேறாகத் திட்டமிட வேண்டும்.

பச்சையாகிப் போன கிழங்கைச் சமைக்கலாமா?

வெளிச்சம் பட்டுத் தோல் பச்சையானால் அதோடு சொலனின் என்ற நஞ்சும் கூடியிருக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அது போகாது. ஓரத்தில் சின்னத் திட்டு என்றால் தடிப்பாக வெட்டி எறியலாம். பாதிக்கு மேல் பச்சை, அல்லது நாவில் கைப்பு என்றால் முழுதாக வீசுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

மிச்சத்தை எப்படி வைச்சிருக்கிறது? அடுத்த வருச விதைக்கும் எடுத்து வைக்கலாமோ?

கழுவாமல், மண்ணைத் தட்டி, நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, ஓலைப்பெட்டியிலோ மரப்பெட்டியிலோ இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வேர்த்து அழுகும். வெங்காயத்தோடு சேர்த்துக் கொட்டாதீர்கள். இங்கத்தைய வெக்கையில் ஒரு மாதம், கவனமாக இருந்தால் இரண்டு மாதம். வாரம் ஒரு தரம் கிளறி, நைந்ததை எடுத்துவிடுங்கள்.

விதைக்கு வைக்க முடியாது. மாசியில் கிண்டியதை அடுத்த கார்த்திகை வரை ஒன்பது மாதம் காக்க வேண்டும், அதற்கு 2 முதல் 4 பாகை வரை குளிரூட்டிய களஞ்சியம் தேவை. வீட்டில் வைத்தால் வைகாசியிலேயே முளைத்து, ஆடிக்குள் சுருங்கிச் செத்துவிடும். நான் இரண்டு வருடம் முயன்று விட்டேன். வெண்டியிலும் கத்தரியிலும் எடுப்பது போல் இதில் சொந்த விதை எடுக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் மலையில் இருந்துதான் விதை வர வேண்டும். எனக்கு இதில் மனக்குறை உண்டு, ஆனால் மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை.

அப்ப வற்றாளை, இராசவள்ளி நட்டால் போதாதோ?

அவற்றை நடாமல் இதை மட்டும் நடுகிறவர் இருந்தால் நான் முதலில் அவற்றையே நடச் சொல்வேன். மரவள்ளியும் வற்றாளையும் இராசவள்ளியும் எங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியவை, விதையும் வளவுக்குள்ளேயே கிடைக்கும். தட்டுப்பாட்டுக் காலங்களில் இந்த ஊர்களின் வயிற்றைக் காத்தவை அவைதான். உருளைக்கிழங்கு அவற்றுக்குப் பக்கத்தில், பனிக்காலத்தில் வெறுமனே கிடக்கும் முற்றத்து மூலைக்கு உரியது.

கிழங்கு எடுத்த பிறகு அந்த மண்ணை என்ன செய்யிறது?

நோய் காணாத பை என்றால் பங்குனியிலேயே பயற்றை, கீரை அல்லது வெங்காயம் போடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் போடக் கூடாது. அடுத்த மார்கழிக்கும் அதே மண்ணில் உருளைக்கிழங்கு வேண்டாம், இரண்டு வருடம் இடைவெளி விடுங்கள். நான் பைகளுக்கு மையால் வருடம் எழுதி வைத்திருக்கிறேன். மண்ணைக் கொட்டும்போது எந்தக் குவியல் எந்த வருடத்துக்குரியது என்று ஒரு தடியும் நட்டுவிடுவேன்.